நெடுஞ்சாலையும் நிழற்படமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நினைவும் கவிதையும்’ என்ற பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருந்தார்கள். என் முனைவர் பட்ட ஆய்வு ஆற்றுப்படை நூல்களைப் பற்றியது. எனவே வழிநடையில் களைத்த பாணரையும் விறலியரையும் அழைத்துக்கொண்டு வருவேன் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். இன்று அவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் காரில் சென்றவர்கள் எடுத்த ஒளிப்படங்களைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். செயலாளர் சற்றுத் தயங்கினார். பிறகு, “கவிஞர்கள் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா” என்று சொல்லி ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி.

இந்தப் பொருள் என்னைப் பற்றிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் டெக்சாசு மாநிலத்தில் வாழும் என் தம்பி வீட்டுக்குக் கோடை விடுமுறையில் சென்றிருந்தேன். அவன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டான். பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலையின் எஞ்சிய பகுதிகளைப் பார்ப்பது எங்கள் திட்டம். நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரில் சாலையோர விடுதி ஒன்றின் முன் நிறுத்தினான். ஐம்பதுகளில் எழுப்பிய நியான் விளக்குப் பலகை; அதன் கீழே காட்சிக்காகவே நிறுத்தியிருந்த ஒரு பழைய கார்; பின்னால் வெட்டவெளி வானம். திரைப்படங்களிலும் நாட்காட்டிகளிலும் நான் பார்த்துப் பழகிய அமெரிக்கா அப்படியே நின்றது. கேமராவைத் தூக்கினேன். பலகைக்கு நேர் கீழே ஓர் அம்மையார் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். புடவை, அதன்மேல் கம்பளிச் சட்டை, காலில் கேன்வாஸ் காலணி. குசராத்திப் பெண்மணி. விடுதியே அவர்களுடையது. நான் கையை வீசி, “கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே துடைப்பத்தோடு தூணுக்குப் பின்னால் போனார். படம் மிக நன்றாக வந்தது.

ஊர் திரும்பிய பின்புதான் அந்தப் படம் என்னைத் தொல்லை செய்யத் தொடங்கியது. அதன் பிறகே இத்துறை நூல்களைத் தேடிப் படித்தேன். அந்தப் படிப்பின் பயனை உங்கள்முன் வைக்கிறேன், குறையிருப்பின் பொறுத்தருள்க.

முதலில் ஒரு சொல். ‘நாஸ்டால்ஜியா’ என்று ஆங்கிலத்தில் வழங்குவதை நாம் ஏக்கம் என்கிறோம், பழைய நினைவு என்கிறோம். வார இதழ்கள் ‘மலரும் நினைவுகள்’ என்று பூச்சூட்டிவிட்டன. அச்சொல் பிறந்த இடம் கவிதையன்று, மருத்துவம். 1688இல் பேசல் நகரில் யோகான்னஸ் ஓஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி ஆகிய பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதை உருவாக்கினார். தாயகத்தை விட்டு அயல்நாடுகளில் தங்கியிருந்த சுவிட்சர்லாந்துக்காரர்கள் உண்ணாமல் உறங்காமல் நலிவதை அவர் ஒரு நோயென்றே வகுத்தார். அவர் கூறிய மருந்து எளியது: நோயாளியை ஊருக்கு அனுப்பிவையுங்கள். பின்னாளில் அச்சொல் இடத்தைவிட்டுக் காலத்துக்கு நகர்ந்தது. நகர்ந்தவுடன் மருந்தும் இல்லாமற் போயிற்று. பேசலிலிருந்து பெர்னுக்கு வண்டி உண்டு. 1955க்கு வண்டி இல்லை. 

அந்த ஆண்டைச் சொல்வதற்குக் காரணமுண்டு. நான் பேச எடுத்துக்கொண்ட முதன்மையான ஒளிப்படக் கலைஞரும் சுவிட்சர்லாந்துக்காரரே. இராபர்ட் ஃபிராங்க் 1924இல் சூரிச்சில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1947இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். 1955இல் அவருக்குக் குகன்ஹைம் நல்கை கிடைத்தது. அவரை முன்மொழிந்தவர்களுள் முக்கியமானவர் வாக்கர் எவன்ஸ். முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அரசுத்துறைக்காக ஊர் ஊராகச் சென்று, சாலையோரக் கடைகளையும் மரக் கோயில்களையும் கூலிக் குடும்பங்களையும் படமெடுத்தவர் எவன்ஸ். அவரிடமிருந்து பெற்ற ஊக்கத்தோடு, பழைய ஃபோர்டு கார் ஒன்றில் ஃபிராங்க் புறப்பட்டார். கையில் ஒரு சிறிய லைக்கா கேமரா. 1955, 1956 ஆகிய இரண்டாண்டுகளில் டெட்ராய்ட், சவானா, மயாமி, நியூ ஆர்லியன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ், பியூட் என்று அந்த நாட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தார். அவர் செலவழித்த படச்சுருள்கள் 767. எடுத்த படங்கள் 27,000க்கு மேல். நூலில் சேர்த்தவை 83. கவிஞர்கள் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நம்மில் சிலர் 83 கவிதை எழுதி 90ஐ அச்சிடுகிறோம்.

(இவ்விடத்தில் அவையில் எழுந்த சிரிப்பைப் பதிப்பாசிரியர் குறிக்க விரும்பினார், நான் வேண்டாமென்றேன். ஆனாலும் குறித்துவிட்டேன்.)

அந்த 83 படங்களுள் முதற் படம் நியூ ஜெர்சி மாநிலத்து ஒபோகன் நகரில் எடுத்தது. ஊரில் அணிவகுப்பு. ஆனால் படத்தில் அணிவகுப்பே இல்லை. செங்கற் சுவர், இரண்டு சன்னல்கள், சன்னலுக்கு ஒரு பெண். சுவரில் கட்டியுள்ள நாட்டுக்கொடி காற்றில் அசைந்து ஒருத்தியின் முகத்தை முழுதும் மறைத்துவிடுகிறது. மற்றவள் முகம் திரையின் நிழலில் மங்கிக் கிடக்கிறது. கொடியைக் காண வந்தவளின் முகத்தை அந்தக் கொடியே மறைக்கிறது. இதற்கு விளக்கவுரை எழுதுவதற்கு ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் என் கை துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். அதே கொடி நூலில் மீண்டும் மீண்டும் வருகிறது. சூலை நான்காம் நாள் விடுதலைத் திருநாளில் எடுத்த படமொன்றில் மேலிருந்து தொங்கும் பெரிய கொடி கிழிந்தும் ஒட்டுப்போட்டும் இருக்கிறது. அதன் மெல்லிய துணியூடே பின்னாலிருக்கும் மரங்களும் மனிதர்களும் தெரிகிறார்கள். அதன் கீழே வெள்ளை உடைச் சிறுமியர் நடக்கிறார்கள்.

1955 நவம்பர் 7ஆம் நாள் ஆர்க்கன்சா மாநிலத்தில் மெக்கீ என்னும் ஊரருகே காவலர்கள் அவர் காரை நிறுத்தினர். நியூயார்க் பதிவெண், அயல்நாட்டு உச்சரிப்பு, மழிக்காத முகம், காரில் பல கேமராக்கள். பொதுவுடைமைக்காரர், உளவாளி என்று ஐயுற்றுப் பல மணி நேரம் சிறையில் வைத்து விசாரித்து, கைரேகை பெற்றுக்கொண்டு விட்டார்கள். ஒரு நாட்டைப் படமெடுக்கும் உரிமை யாருக்கு என்ற வினா அவருக்கு அந்த அறையில் புதிதாய்ப் புரிந்திருக்கும்.

அடுத்த சில நாள்களுக்குள் நியூ ஆர்லியன்ஸில் எடுத்ததே அந்நூலின் பெயர்பெற்ற படம். ஒரு டிராம் வண்டி பக்கவாட்டில் நிற்கிறது. சன்னல் வரிசை. முதற் சன்னலில் கண்ணாடிக்குப் பின் தெளிவற்ற வெள்ளை முகம். அடுத்து ஒரு வெள்ளைப் பெண்மணி. நடுவில் நன்கு உடுத்திய இரண்டு வெள்ளைக் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கறுப்பினத்தவர், வெளியே சாய்ந்து நேராக நம்மையே பார்க்கிறார். கடைசியில் ஒரு கறுப்பினப் பெண். முன்னால் வெள்ளையர், பின்னால் கறுப்பர் என்பது அன்றைய சட்டம். அந்தச் சட்டத்தை எவரும் சொல்லாமலே சன்னல் கம்பங்கள் சொல்கின்றன. ஒரு மாதங்கூட ஆகவில்லை. 1955 திசம்பர் 1ஆம் நாள் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் தம் இருக்கையைவிட்டு எழ மறுத்தார். ஃபிராங்க் அதை முன்கூட்டி அறிந்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அறியாமல் எடுத்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நூல் முதலில் 1958இல் பாரிசில் வெளிவந்தது. அப்பதிப்பில் படங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவைப் பற்றிப் பலர் எழுதியவற்றின் தொகுப்பு இருந்தது. அடுத்து வந்த அமெரிக்கப் பதிப்பில் ஃபிராங்கின் விருப்பப்படி அந்த எழுத்தெல்லாம் போய், எதிர்ப்பக்கம் வெறுமையாயிற்று. ஜாக் கெரூவாக் எழுதிய முன்னுரை மட்டும் சேர்ந்தது. அந்த வெற்றுப் பக்கங்களை நான் மிகவும் மதிக்கிறேன். உரையாசிரியர் மரபில் வந்த நமக்கு அது எளிதில் கைவராத துணிவு.

அமெரிக்கர்கள் அந்நூலைக் கொண்டாடினார்களா? இல்லை. ஒளிப்பட இதழொன்றில் திறனாய்வாளர் பலர் கூடிக் கண்டித்தனர். படங்கள் மங்கல், அடிவானம் சாய்ந்திருக்கிறது, இந்த ஆள் நாட்டை வெறுக்கிறான் என்றெல்லாம் எழுதினார்கள். அவர்கள் கண்ணுக்குப் பழகிய அமெரிக்கா வேறு. இருபதுகளிலேயே கோடாக் நிறுவனம் நெடுஞ்சாலையோரங்களில் ‘முன்னே ஒரு படம் இருக்கிறது’ என்னும் பொருள்பட அறிவிப்புப் பலகைகளை நட்டிருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்பதைப் பயணிக்குக் கம்பெனியே சொல்லிவிடும். 1950 முதல் 1990 வரை நியூயார்க்கின் பெரிய இரயில் நிலையத்தில் 18 அடி உயரமும் 60 அடி நீளமுமாக வண்ண விளம்பரப் படங்களைத் தொங்கவிட்டதும் அதே நிறுவனந்தான். மலை, ஏரி, கார், சிரித்த முகத்துடன் ஒரு வெள்ளைக் குடும்பம், அக்குடும்பத்தில் ஒருவர் கையில் கேமரா. பலகை நட்ட இடத்தில் நின்று எடுப்பது ஏக்கத்தின் முதற் பாடம். நான் நியூ மெக்சிகோவில் நின்ற இடத்தில் பலகை இல்லை. ஆனால் நாட்காட்டிகள் அதை என் கண்ணுக்குள்ளேயே நட்டிருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சாலை எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1936 முதல் விக்டர் இயூகோ கிரீன் என்னும் ஆர்லம் பகுதி அஞ்சற்காரர் ஒரு கையேடு வெளியிட்டுவந்தார். கறுப்பின மக்கள் காரில் பயணம் போனால் எந்த ஊரில் எந்த விடுதி இடம் தரும், எந்த உணவகம் சோறு போடும், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்பது அதன் உள்ளடக்கம். பொழுது சாய்ந்தபின் கறுப்பர் தங்கக் கூடாத ஊர்கள் பல இருந்தன. புகழ்பெற்ற 66ஆம் எண் சாலை நெடுகிலும் இருந்தன. அறுபதுகளின் நடுப்பகுதிவரை அந்தக் கையேட்டுக்குத் தேவை இருந்தது. நான் என் ஆய்வுக் காலம் முழுதும் ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவது என்று வகுப்பில் சொல்லிவந்தவள். உயிரோடு போய்ச்சேர்வதற்கு எழுதிய ஆற்றுப்படை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் உண்டு என்பதை அறிந்த அன்று எனக்கு வகுப்பெடுக்க மனம் வரவில்லை.

அந்தச் சாலைகளில் கறுப்பினத்தைச் சேர்ந்த ஒருவரே கேமராவோடு போனால் என்ன காண்பார்? கார்டன் பார்க்ஸ் போனார். 1956இல் ‘லைஃப்’ இதழுக்காக அலபாமா மாநிலத்தில் ஒரு பெருங்குடும்பத்தாரைப் பின்தொடர்ந்து படமெடுத்தார். அவர் எடுத்தவை வண்ணப் படங்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மொபைல் நகரக் கடையொன்றின் வாயிலில் வெளிர்நீல உடையில் ஒரு பெண்ணும், வெள்ளை உடையில் ஒரு சிறுமியும் நிற்கிறார்கள். கோயிலுக்குப் போவதுபோல அவ்வளவு நேர்த்தியான உடை. அவர்கள் தலைக்கு மேலே நியான் விளக்கில், இது கறுப்பர்க்கான வாயில் என்று எழுதியிருக்கிறது. அன்பர்களே, நான் எடுத்த நியான் விளக்கையும் இந்த நியான் விளக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரே காலத்து விளக்குகள், ஒரே தொழில்நுட்பம். ஒன்று ஏக்கப் பொருளாகி நாட்காட்டியில் ஏறிவிட்டது. மற்றதை யாரும் கழற்றிவந்து உணவகச் சுவரில் அழகுக்காக மாட்டுவதில்லை. அந்த இதழ் வெளிவந்தபின், படத்தில் இடம்பெற்ற குடும்பத்தாருள் சிலர் ஊரில் வாழமுடியாமல் வெளியேற நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படம் எடுத்தவர் போய்விடுவார். எடுக்கப்பட்டவர் அங்கேயே வாழ வேண்டும்.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் நிப்போமோ என்னும் ஊரருகே டாரத்தியா லாங் எடுத்த ‘குடிபெயர்ந்த தாய்’ படத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கைவைத்த தாய், இருதோளிலும் முகம் புதைத்த குழந்தைகள். லாங் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பட்டாணி பறிப்போர் முகாம் என்ற பலகையைக் கடந்து இருபது மைல் போனபின், மனம் கேளாமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்து எடுத்த படம் அது. நாட்டின் துயர் முழுவதற்கும் அந்த முகமே அடையாளமாயிற்று. 1998இல் அஞ்சல்தலையிலும் ஏறியது. ஆனால் அந்தத் தாயின் பெயரை நாடு அறிந்தது 1978இல்தான். ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அந்த அம்மையார் செரோக்கீ என்னும் தொல்குடி மரபினர். தமக்கு அப்படத்தால் ஒரு காசும் கிட்டவில்லை என்று அவர் வருந்தியது பதிவாகியிருக்கிறது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அமெரிக்கத் தாயாக இருந்தவர், அந்த நாட்டின் ஆதிக்குடி என்பது படம் பார்த்த எவருக்கும் தெரியாது.

எட் ருஷே என்னும் ஓவியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். அவர் ஓக்லகோமா நகரில் வளர்ந்து லாஸ் ஏஞ்சலசில் வாழ்ந்தவர். இரண்டுக்கும் இடையே 66ஆம் எண் சாலையில் போய்வரும்போது பெட்ரோல் நிலையங்களைப் படமெடுத்து, ‘இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்’ என்ற பெயரில் 1963இல் சிறு நூலாக்கினார். அழகில்லை, மனிதரில்லை, கருத்துமில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை ஏற்க மறுத்துத் திருப்பியனுப்ப, அவர் அந்த மறுப்பையே விளம்பரமாகப் போட்டுவிட்டார். ஸ்டீபன் ஷோர் செய்தது இன்னும் வேடிக்கை. 1971இல் டெக்சாசின் அமரில்லோ நகரில் எடுத்த சாதாரணமான காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சடித்தார், விலைபோகவில்லை. காரில் போகும் ஊர்களில் எல்லாம் கடைகளின் அட்டைத் தாங்கிகளில் யாரும் அறியாமல் செருகி வைத்துவிட்டு வந்தார். ஏக்கத்தை விற்கும் கடையில் ஏக்கமற்ற படத்தை இலவசமாய் வைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இதுவரை நான் ஏக்கத்தைக் குற்றக் கூண்டில் ஏற்றியே பேசிவந்தேன். அதற்காகவும் ஒருவர் வாதாட வேண்டும். அந்த வழக்கறிஞர் ஒரு முடிதிருத்துநர்.

66ஆம் எண் சாலை 1926 நவம்பரில் எண் பெற்றது. சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரை, எட்டு மாநிலங்களைக் கடந்து, ஏறத்தாழ 2,400 மைல். முப்பதுகளில் நிலமிழந்த உழவர்கள் அதன்வழியேதான் மேற்கே போனார்கள். 1956இல் அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்துக்கு அகன்ற விரைவுச் சாலைகள் போடத் தொடங்கியபின் பழைய சாலை துண்டு துண்டாக வழக்கொழிந்தது; 1985இல் அதன் எண்ணையே நீக்கிவிட்டார்கள். அரிசோனாவில் செலிக்மன் என்னும் சிற்றூரைப் புதிய சாலை ஒதுக்கிச் சென்றது 1978இல். ஒரே நாளில் ஊர்வழியே வண்டிகள் வருவது நின்றுபோயிற்று. அவ்வூரில் ஏஞ்சல் டெல்கடீயோ என்னும் முடிதிருத்துநர் இருந்தார். மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் ஊராரைக் கூட்டி 1987இல் ஒரு சங்கம் அமைத்து, மாநில அரசிடம் மன்றாடி, பழைய சாலைக்கு ‘வரலாற்றுச் சாலை’ என்ற பெயரைப் பெற்றுத் தந்தார். பயணிகள் திரும்பி வந்தார்கள். மற்ற மாநிலங்களும் இந்த வழியைப் பின்பற்றின.

இதை நாம் எப்படிப் பார்ப்பது? அவர் விற்றது ஏக்கந்தான். ஆனால் அது அவர் ஊரின் அடுப்பில் உலை வைத்தது. வெற்று மயக்கமென்று நான் எழுந்து சொல்ல முடியுமா? மேலும், மிக அமெரிக்கத்தனமான அந்தச் சாலையின் நினைவைக் காப்பாற்றியவர் மெக்சிகோக்காரரின் மகன் என்பதைக் காண்க. இந்தச் செய்தியைப் படித்தபோது என் துடைப்பக்கார அம்மையார் நினைவுக்கு வந்தார்.

குசராத்திகள் அமெரிக்காவில் விடுதித் தொழிலில் இறங்கியது நாற்பதுகளில், கலிபோர்னியாவில். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வழக்கொழிந்த சாலைகளின் ஓரத்தில் வாங்குவாரின்றிக் கிடந்த விடுதிகளைக் குடும்பம் குடும்பமாக வாங்கி, முன்னறையில் அலுவலகமும் பின்னறையில் குடித்தனமுமாக, குழந்தைகள் முதல் பாட்டி வரை உழைத்து நிமிர்த்தினார்கள். இன்று அந்த நாட்டுச் சாலையோர விடுதிகளில் ஏறத்தாழப் பாதி இந்திய வமிசாவளியினர் கையில் இருக்கிறது. அவர்கள் வளர்ந்துவந்த நாளில் எதிர்க்கடைக்காரர் சிலர் தம் விடுதி வாயிலில் ‘இது அமெரிக்கர் நடத்துவது’ என்று பலகை எழுதி வைத்தார்கள். பெயர் சொல்லாத வசை அது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற குசராத்தி அமெரிக்கரல்லர் என்பது அதன் உட்பொருள்.

எந்தப் பலகையும் இல்லாமல் நான் அதையே செய்தேன். அமெரிக்காவின் படம் வேண்டுமென்று ஓர் அமெரிக்கரைச் சட்டகத்தைவிட்டு வெளியேற்றினேன். அந்த நியான் விளக்கு இன்னும் எரிவதற்குக் காரணமானவர், அதன் மின்கட்டணத்தைக் கட்டுகிறவர், அந்த முற்றத்தைப் பெருக்குகிறவர் அவர். என் படத்தில் முற்றம் மிகத் தூய்மையாக இருக்கிறது.

சிக் ஜாக்சன் என்னும் தொல்குடி ஒளிப்படக் கலைஞர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு படத்தொடர் எடுத்தார். சுற்றுலாப் பயணிகள் தொல்குடியினரின் விழாக்களுக்கு வந்து, இறகணிந்து ஆடுவோரைப் படமெடுப்பார்கள். ஜாக்சன் அந்தப் பயணிகளைப் படமெடுப்பார். முதுகு வளைத்து, ஒரு கண் மூடி, முகத்தைக் கேமராவுக்குள் ஒளித்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள். படம் எடுக்கும்போது நாம் எப்படி இருக்கிறோம் என்பதை நாம் ஒருபோதும் பார்ப்பதில்லை.

எனக்குப் பார்க்கக் கிடைத்தது. அன்று சாலைக்கு அந்தப் பக்கம் காரில் சாய்ந்து நின்ற என் தம்பி, விளையாட்டாக என்னையும் ஒரு படம் எடுத்திருந்தான். அடுத்த ஆண்டு பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்தபோது காட்டினான். அதில் நான் இடக்கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு வலக்கையை நீட்டி வீசுகிறேன். எதிரே அந்த அம்மையார், துடைப்பத்தை ஏந்தி, பாதி திரும்பி, சிரித்தபடி ஒதுங்கிக்கொண்டிருக்கிறார். மேலே நியான் பலகையின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. அடிவானம் சாய்ந்திருக்கிறது. அந்நாளைய திறனாய்வாளர்கள் கண்டால் கிழித்தெறிந்திருப்பார்கள்.

இடையில் ஒன்று நிகழ்ந்ததைச் சொல்லாமல் விட்டேன். அன்று மாலை கணக்கு முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மையார், “விளக்கோடு சேர்த்து என்னை எடுத்தீர்களா? நவசாரியில் என் அம்மா இருக்கிறார், தொண்ணூறு வயது, இந்த இடத்தை அவர் பார்த்ததில்லை. ஒரு படம் அனுப்புங்கள்” என்று கேட்டுத் தம் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அனுப்புகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்த விடுதியில் நான் எடுத்தவை 31 படங்கள். விளக்கு, கார், சன்னல், சாவிக்கொத்து, வானம். ஒன்றிலும் அவர் இல்லை. சீட்டு ஓராண்டு என் கைப்பையில் கிடந்தது.

இன்று ஃபிராங்கின் நூல் அமெரிக்காவின் பெருமைகளுள் ஒன்று. 2009இல் தலைநகரின் தேசிய ஓவியக்கூடம் அதன் ஐம்பதாம் ஆண்டைப் பெருங்கண்காட்சி வைத்துக் கொண்டாடியது. அவர் 2019 செப்டம்பரில் கனடாவில் மறைந்தார். தனிமையின் குறியாக அவர் எடுத்த ஜூக்பாக்ஸ் இசைப்பெட்டிகளும் பழைய கார்களும் இப்போது நமக்கு அழகாகத் தெரிகின்றன; அதே பொருள்களை வைத்து ஏக்க உணவகங்கள் நடத்துகிறார்கள். கசப்பாக எடுத்த படமும் போதிய ஆண்டுகள் கடந்தால் இனிக்கத் தொடங்கிவிடுகிறது. இதற்கு அவர் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நூலின் இறுதிப் படத்தைப் பாருங்கள். டெக்சாசில் 90ஆம் எண் சாலை. மங்கிய ஒளி. காரின் முகப்பு விளக்கு. கண்ணாடிக்குள்ளே களைத்துப்போன அவர் மனைவியும் குழந்தைகளும். 82 படங்களில் பிறரைப் பார்த்தவர், கடைசியில் தம் வண்டியைத் திரும்பிப் பார்த்து, தம்மோடு வந்தவர்கள் யார் என்று காட்டிவிட்டு நூலை முடிக்கிறார்.

நம் வட்டத்தின் இதழ்களில் இப்பத்தாண்டுகளில் வந்த ஊர்நினைவுக் கவிதைகளை அண்மையில் மீண்டும் படித்தேன். என்னுடையவையும் அவற்றுள் உண்டு. ஆலமரம் இருக்கிறது, குளம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது. திண்ணையை மெழுகியவள் எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று என் கவிதைகளில் தேடினேன். பிறர் கவிதைகளைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, அவரவர் தேடிக்கொள்வார்கள்.

தம்பி எடுத்த படத்தைத்தான் அந்த அம்மையாருக்கு அனுப்பினேன். என் கையை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுதும் எண்ணினேன், வெட்டவில்லை. மூன்று நாள் கழித்து விடை வந்தது. அம்மா பார்த்துவிட்டார், புடவையை அடையாளம் கண்டுகொண்டார், அவர் வாங்கிக் கொடுத்ததாம் என்று எழுதியிருந்தார். அதன் கீழே, இப்படி அழைத்தபோது நானும் உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருக்கலாமே, என்று ஒரு வரி. நான் கையை வீசியதை, அருகே வரச்சொல்லி அழைப்பதாக அவர் தாய் எண்ணிக்கொண்டாராம். மகளும் அதைத் திருத்தவில்லை.

அந்தப் படத்தின் படி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் பார்க்க விரும்புவோர் வரலாம்.